மேற்கே தெரியும் மலைக்கு ஒரு நாள்: நோயாளியோடு குடும்பமாகக் காட்டைக் காணச் செல்வது குறித்து

மழை பெய்து ஓய்ந்த காலை வேளைகளில் தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் அடிவானத்தில் நீலநிறக் கோடாக மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். நம் வட்டாரத்தின் வைப்பாறு அங்கிருந்து இறங்கும் ஓடைகளால் உண்டானது. வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தில் நிற்கும் நீரும் அந்த மலைக்காடு மழையை வாங்கித் தேக்கி மெல்ல மெல்ல விட்டுக் கொடுத்த நீரே. இருந்தும், எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரிடம் அந்த மலைக்குச் சென்றதுண்டா என்று கேட்டால், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியதைப் பற்றித்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். தாணிப்பாறையிலிருந்து கோயில் வரை காட்டின் நடுவே நடந்தவர்கள்தாம் அவர்கள். ஆனால் கூட்டத்திலும் களைப்பிலும் கண் படியைவிட்டு அகன்றிருக்காது. காட்டைக் காண்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிச் சென்று வந்த குடும்பங்கள் மிகச் சில.

மருத்துவமனை மடலில் சுற்றுலாவைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவினர். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள், புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழாய் சுருங்கிப்போன முதியவர்கள், பல்லாண்டுகள் மருந்துக் கலவை அறையில் உழைத்தவர்கள், விபத்தில் தீப்புகையைச் சுவாசித்து உயிர் பிழைத்தவர்கள் ஆகியோரை நாள்தோறும் பார்க்கிறோம். தீபாவளி முடிந்து ஆலைகளில் வேலை சற்று ஓயும் நாள்களில் குடும்பங்கள் வெளியூர் கிளம்புவது வழக்கம். அப்போது வீட்டில் விட்டுச் செல்லப்படுபவர் பெரும்பாலும் எங்கள் நோயாளியே. அவருக்குத் துணையாக ஒரு பெண்ணும், மனைவியோ மருமகளோ மூத்த மகளோ, தங்கிவிடுகிறார். "இவரைக் கூட்டிக்கிட்டு எங்க டாக்டர் போக முடியும்?" என்ற கேள்வியை நாங்கள் கேட்காத வாரமில்லை.

பெரும்பாலான நோயாளிகளை அழைத்துச் செல்ல முடியும் என்பதே எங்கள் பதில். அதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். அவற்றைச் சொல்லுமுன், எதற்காகச் செல்ல வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

மரத்தைப் பார்த்தால் உடலுக்கு என்ன ஆகும்?

1984-இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்பேடுகளை அவர் ஒப்பிட்டார். சரிபாதிப் பேரின் படுக்கையோரச் சன்னல் மரங்களை நோக்கியது. மற்றவர்களின் சன்னல் செங்கல் சுவரை நோக்கியது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநிவாரணி மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆயினும் மருத்துவமனைக் கட்டடங்களை வடிவமைப்போர் இன்றும் அதை எடுத்துக் காட்டுகின்றனர்.

2019-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் வாரத்துக்கு மொத்தம் 2 மணி நேரமாவது கழித்தவர்கள், தாங்கள் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாக மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகக் கூறினர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உடல்நலம் உள்ளவர்கள்தாம் வெளியே அதிகம் செல்கிறார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். எனவே காட்டுக்குச் சென்றால் நோய் தீரும் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்ஹேலருக்கோ, சர்க்கரை மாத்திரைக்கோ, காசநோய் மருந்துக்கோ காடு மாற்றாகாது.

குழந்தைகளின் கண்ணைப் பொறுத்தவரை சான்று இன்னும் உறுதியானது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றுள் 6 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடங்கள் கூடுதலாக வெளிப்புற வகுப்பு நடத்தினர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அப்பள்ளிகளில் 100-க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 100-க்கு ஏறத்தாழ 40 பேருக்கு வந்திருந்தது. பகல் வெளிச்சம் விழித்திரையில் படுவது கண்விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது விளக்கம். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிடப் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வது எளிது என்பதைப் பெற்றோர் சோதித்துப் பார்க்கலாம்.

எங்கள் அனுபவத்தில் இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாள்பட்ட நோய் ஒரு மனிதரை நோயாளியாக மட்டுமே ஆக்கிவிடுகிறது. வீட்டில் அவரைப் பற்றிய பேச்செல்லாம் மாத்திரை, சளி, தூக்கம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மரத்தடியில் அமர்ந்து, "இது என்ன மரம் தெரியுமா?" என்று பேரனிடம் கேட்கும்போது அவர் மறுபடியும் தாத்தாவாகிறார்.

பக்கத்திலேயே இருக்கும் காடு

தேசியப் பூங்கா என்றதும் முதுமலையோ தேக்கடியோ நினைவுக்கு வருகிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதுவும் தேனி மாவட்ட மேகமலைச் சரணாலயமும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். யானை, காட்டுமாடு, சிறுத்தை, வரையாடு, மேகமலைப் பக்கம் சிங்கவால் குரங்கு ஆகியவை இங்கு வாழ்கின்றன. புலி இருக்கிறது என்பதால் அதைப் பார்த்தாக வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். எங்களைக் கேட்டால், பார்க்க வேண்டியது அந்த அணிலைத்தான்.

நம் வீட்டுக் கூரையில் ஓடும் முதுகுக்கோட்டு அணிலைப் போன்றதல்ல அது. தலையும் உடலுமாக ஓரடிக்கும் மேல் நீளம். அதற்கு மேல் அதே அளவுக்கு நரைத்த வால். எடை ஒன்றரைக் கிலோவை எட்டக்கூடும். கிளைக்குக் கிளை தாவிச் செல்லும் அது தரையில் இறங்குவது அரிது. மரக்கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில்தான் அதனால் வாழ முடியும். ஒரு புளியமரத்தை வெட்டினால் அதற்குப் பாலம் அறுந்தது போலாகும். உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம் இது. தமிழ்நாட்டில் காவிரியை ஒட்டிய காடுகள் போன்ற வேறு சில இடங்களிலும் உண்டு என்றாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் அதன் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று. செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மாந்தோப்புகளையும் புளியமரங்களையும் ஒட்டி, காலையிலும் மாலையிலும் பொறுமையாக நிமிர்ந்து பார்த்தால், இலைகளும் குச்சிகளும் கொண்டு பந்துபோலக் கட்டிய அதன் கூடாவது கண்ணில் படும்.

சிவகாசி வழியாகப் பேருந்து மாறிச் சென்றாலும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடும் தூரம்தான். ஒரு நாள் கூலியை இழந்து செல்பவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. காட்டுக்குள் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் அனுமதி என்பது பருவத்துக்கேற்ப மாறும். ஆகையால் ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மலையேற்றத்துக்கு முறையான அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே விதிகள் இறுக்கப்பட்டன.

பார்க்கப் பழகுதல்

அருவியில் குளித்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் ஒரு மகிழ்ச்சிதான்; அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இயற்கையை ரசிப்பது என்பது பழகி வருவது. கர்நாடக இசை கேட்கப் பழகுவதைப் போல, முதல் முறை ஒன்றும் பிடிபடாது. "ஒண்ணுமே இல்லையேப்பா, வெறும் மரம்தான்" என்று பிள்ளை சொல்லும். அதை எதிர்பார்த்தே செல்லுங்கள்.

நாங்கள் குடும்பங்களுக்குச் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஓரிடத்தில் 15 நிமிடம் அசையாமல் அமருங்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வகையான ஒலிகள் கேட்கின்றன என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மனிதர் நடமாட்டம் ஓய்ந்ததும் பறவைகளும் அணில்களும் மறுபடி வெளிவரத் தொடங்கும். கண்ணைத் திறக்கும்போது முன்பு இல்லாதவை தெரியும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டு மிகப் பொருத்தமானது. நடக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அனைவரும் அவரைப் போல உட்கார்ந்திருப்பதால் அவர் தனித்துத் தெரியவும் மாட்டார்.

பெரியவர்களைப் பேசவிடுங்கள். நம் கரிசல் காட்டில் வளர்ந்த பாட்டிமார்களுக்கு ஆவாரையும் ஆடுதின்னாப்பாளையும் நொச்சியும் கையிலுள்ள ரேகை போலத் தெரிந்தவை. கரிச்சானும் பனங்காடையும் எந்தக் கம்பியில் எந்த நேரத்தில் உட்காரும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். எந்தப் பயிருக்கு எந்தப் பறவை வரும் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவ்வறிவு பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேரவில்லை. பள்ளிப் புத்தகத்தில் பென்குயினைப் படித்த பிள்ளைக்குத் தன் ஊர்க் கண்மாயில் நிற்கும் கொக்குக்கும் நாரைக்கும் வேறுபாடு தெரியாமல் இருப்பது வருந்தத்தக்கது. அதைத் திருத்தப் புலிகள் காப்பகமே வேண்டும் என்பதில்லை. ஊர்க் கண்மாய்க் கரையே போதும். காட்டுக்குச் செல்லும் முன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கண்மாய்க் கரையில் இப்படி உட்கார்ந்து பழகிய குடும்பம், காட்டில் மும்மடங்கு பார்க்கும். நோயாளியால் எவ்வளவு நேரம் வெளியே இருக்க முடிகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நோயாளியை அழைத்துச் செல்லும்போது

ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்கள் உடனடி நிவாரண இன்ஹேலரைப் பையில் அல்ல, சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையானால் ஸ்பேசரும் உடன் வர வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்ஹேலரை விட்டுச் செல்லாதீர்கள். அழுத்தத்தில் அடைத்த குப்பி அது, மிகுந்த சூட்டில் வெடிக்கவும் கூடும். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் கூடுதல் என்று பொருள். உட்காருங்கள், உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுங்கள். செண்பகத்தோப்பு போன்ற அடிவாரப் பகுதிகளில் உயரத்தால் வரும் ஆக்சிஜன் குறைவு இல்லை. ஆனால் மேகமலை, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களுக்குச் செல்ல விரும்பும் தீவிர நுரையீரல் நோயாளிகளும், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களும் எங்களிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது.

காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்கள், சளியில் கிருமி இல்லை என்று உறுதியாகும் வரை நெரிசலான பேருந்துப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். பிறகு தாராளமாகச் செல்லலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடைக்குள் இறங்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. அன்றிரவே பாதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் நடப்பதால் சர்க்கரை இறங்கலாம். பிஸ்கட்டும் கடலை மிட்டாயும் கையில் இருக்கட்டும். நம் பக்கத்தில் கடலை மிட்டாய்க்குப் பஞ்சமில்லை.

தீக்காயம் ஆறியவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோல் ஒட்டு வைத்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதில்லை. உடலின் பெரும்பகுதி எரிந்து ஆறியவருக்கு வெயிலில் உடற்சூடு வெளியேற வழி குறைவு. விரைவில் மயக்கம் வரக்கூடும். புதிய தழும்பில் வெயில் பட்டால் நிரந்தரமாகக் கறுத்துவிடலாம். ஆகவே முதல் ஓராண்டுக்கேனும் பருத்தித் துணியால் மூடிக்கொண்டு, நிழலில், காலை வேளையில் மட்டும் வெளியே இருப்பது நல்லது. தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். இவை எளிய செய்திகள். கடினமானது வேறொன்று. தழும்பைப் பிறர் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில் கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் செல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருப்பவர்களை நாங்கள் அறிவோம். திடீர் ஓசைக்கு உடல் தூக்கிவாரிப் போடுவதால் திருவிழாவைத் தவிர்ப்பவர்களும் உண்டு. மனிதக் கூட்டத்துக்குள் முதலடி எடுத்துவைப்பதைவிட, நான்கைந்து நெருங்கிய சொந்தங்களோடு மட்டும் மரநிழலில் அரைநாள் இருப்பது அவர்களுக்கு இலகுவாக இருக்கிறது. இதற்கு நாங்கள் எந்தப் புள்ளிவிவரமும் தர இயலாது. அப்படிச் சென்று வந்தவர்கள் மறுமுறை எங்களிடம் பேசிய விதத்தைக் கொண்டு சொல்கிறோம். அவர் வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த முறையும் கேளுங்கள்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் அன்று விடுப்பு வேண்டும். காட்டுக்கு வந்தும் அவரே சோறு பிரித்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் அவருக்கு அது இன்னொரு வேலைநாளாகவே இருக்கும். மாத்திரைப் பொறுப்பை அன்று மட்டும் மகன் ஏற்றுக்கொள்ளட்டும். அவரை ஒரு மணி நேரம் எதற்கும் கூப்பிடாதீர்கள்.

காட்டில் கவனிக்க வேண்டியவை

தீயைப் பற்றி இந்த வட்டாரத்தாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொறி என்ன செய்யும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? காய்ந்த புல்லும் சருகும் கிடக்கும் காட்டில் தீப்பெட்டியும் பீடியும் பட்டாசும் கூடவே கூடாது. அங்கு அடுப்பு மூட்டிச் சமைக்கவும் கூடாது. அந்தப் புகை ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் ஆகாது.

மலைமேல் மழை பெய்தால் அடிவார ஓடையில் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வரும். நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வர வேண்டும். பாம்பு கடித்தால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சு முறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

திரும்பி வந்தபின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்கோ புதர்ப் பகுதிக்கோ சென்றதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். புதர்களில் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுண்ணி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. தமிழ்நாட்டில் அது அரிதன்று. கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு காணப்படலாம். வலிக்காது என்பதால் கவனத்துக்கு வராது. தொடக்கத்திலேயே தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரையே குணப்படுத்திவிடும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை செல்ல நேரும். முழுக்கைச் சட்டை அணிவதும், புல்மீது நேரே படுக்காமல் விரிப்பில் அமர்வதும், வீடு திரும்பியதும் குளித்து உடைகளைத் துவைப்பதும் தடுப்பு முறைகள்.

எப்போது செல்வது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அதன்பின் காடு காயத் தொடங்கும். தீ அபாயம் கருதி வனத்துறை பாதைகளை மூடுவதும் உண்டு. அதிகாலைப் பனிக்காற்று ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் வெயில் சற்று ஏறிய பின் கிளம்பலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள். இன்ஹேலர் பிடிக்கும் முறையை ஒருமுறை சரிபார்த்து, உடன் எடுத்துச் செல்ல வேண்டிய மருந்துகளைத் தாளில் எழுதித் தருகிறோம். பார்த்துக்கொள்பவரும் கூட வரட்டும்.